மிச்ச டப்பா

அவன் நின்றுகொண்டிருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் போதாது. கரும்பலகைக்கு முன்னால், கையில் சாக்பீஸோடு, வாயைப் பாதி திறந்தபடி. சத்தம் முதலில் அவன் முதுகில் போய் விழ வேண்டும். எந்த வண்டி என்று திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட வேண்டும். தெரிந்த பிறகு திரும்பாமல் இருக்கவும் முடியக் கூடாது.

பழைய பைக் ஒன்றின் கார்புரேட்டர் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வைத்தபடி அவள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் கை நடுங்கும் என்பார்கள். அவளுக்கு நேர்மாறு. மனதுக்குள் அண்ணனை நிறுத்திவைத்துக்கொண்டு வேலை செய்த நாட்களில் விரல்கள் சொன்னபடி கேட்டன. வேறு எதையாவது நினைத்தால்தான் திருகு நழுவி உருண்டு ஓடியது.

ஊரில் அண்ணனுக்கு மாஸ்டர் என்று பெயர். மைதானத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். பாதி ஊர் அவனிடம்தான் கிளட்சைப் பிடிக்கக் கற்றது. சிரிக்கச் சிரிக்கப் பாடம் நடத்துவான் என்று அவளும் கேள்விப்பட்டிருந்தாள். எதைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறான் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அவள் ஒரு தையல் கம்பெனியில் மெஷின்களைப் பழுது பார்க்கிறாள். விட்டுப்போன தையலைப் பார்த்தே உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஒருநாள் பட்டன் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் மெஷின் நின்றுவிட்டது. அதன் அடியில் தலையைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் குனிந்து கேட்டாள்.

"அக்கா, நீங்க டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரோட தங்கச்சியாமே?"

"ஆமா."

"ஐயோ! அந்தப் பின்சீட்டு தங்கச்சி நீங்கதானா?"

"எந்தப் பின்சீட்டு?"

"உங்களுக்கே தெரியாதா? பின்னாடி உக்கார்றவங்க எப்படி உக்காரணும்னு ஒரு பாடம் இருக்குக்கா. அன்னிக்கு முழுக்க உங்க கதைதான். 'திருப்பத்துல வண்டி இந்தப் பக்கம் சாயுது, என் தங்கச்சி அந்தப் பக்கம் சாயறா. அவளுக்குப் பதிலா ஒரு சிமெண்ட் மூட்டையை ஏத்திட்டுப் போயிருந்தா நான் விழுந்தே இருக்க மாட்டேன்'னு சொல்லி இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டுவார் பாருங்க. நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம்."

அவள் எழுந்திருக்க மேசையைப் பிடித்துக்கொண்டு இடது காலை நீட்டி ஊன்றியதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் சிரிப்பு வாயிலேயே நின்றது.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. தெரியாம…"

"ஊசி வளைஞ்சிருந்துச்சு. மாத்திட்டேன். ஓட்டிப் பாரு," என்றாள் அவள்.

அன்று வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் தூங்கித் தூங்கி அவள் தோளில் விழுந்துகொண்டிருந்தார். அவள் நகரவில்லை. நகராமல் உட்காருவது அவளுக்குப் பழகிவிட்டது. சினிமாக் கொட்டகையில், டாக்டர் வீட்டு பெஞ்சில், எங்கே உட்கார்ந்தாலும் வைத்தது வைத்தபடி இருப்பாள். "பொம்மை மாதிரி உக்காருவா, எவ்வளவு அடக்கம்," என்று யாரோ அம்மாவிடம் பாராட்டியதுகூட உண்டு. அது எங்கிருந்து வந்த அடக்கம் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

விபத்து நடந்தது அவள் படிப்பை முடித்திருந்த நேரத்தில். ஒரு வேலைக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவின் பைக்கில் அண்ணன் கூட்டிப்போனான். ஒரு திருப்பத்தில் வண்டி சரிந்து அவளுடைய இடது முழங்காலின் மேல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் அவள் கண் விழிப்பதற்குள் காரணம் முடிவாகியிருந்தது. கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அவளுக்குத்தான் கடைசியாகச் சொன்னார்கள்.

நீ அசைஞ்சுட்டே.

அசைந்தேனா? அந்தக் கணம் அவளுக்கு நினைவில்லை. கறுப்பாக ஒரு ஓட்டைதான் இருந்தது. வருஷக்கணக்காக அவள் அந்த சீட்டில் தன்னை ஏற்றி உட்கார வைத்து, அந்தத் திருப்பத்துக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தாள். வலது தோள் விலகியதா? பையைச் சரி செய்தேனா? முதலில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டுக் கேட்டு, நாளாக ஆக, அசைந்தது போலவே ஒரு நினைவும் வந்து சேர்ந்துகொண்டது. அதில் காற்றுகூட அடித்தது. அப்புறம் அவளே எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்: "என் தப்புதான். நான்தான் அசைஞ்சுட்டேன்."

முழங்கால் பாதிதான் மடங்கியது. நொண்டி என்று யாரும் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் "கொஞ்சம் இழுத்து நடக்கறாங்களோ" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, மரியாதையாகவே எழுந்து போனார்கள். அப்பா அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தினார். தன் அருமை வண்டியை இவள் உடைத்துவிட்டாள் என்று அவருக்குக் கோபம் என அவள் நினைத்துக்கொண்டாள். அவர் இறந்தபோதும் அப்படியே நினைத்துத்தான் அழுதாள்.

இதெல்லாம் அவளுக்கு விதித்தது என்று இருந்துவிட்டாள். ஆனால் இடுப்பை ஆட்டிக் காட்டுகிறானாமே. அது அவளுக்குத் தாங்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டின் பின்பக்கக் கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்தாள்.

அப்பாவின் வண்டி சாய்ந்து கிடந்தது. இரண்டு டயரும் வெடித்துப்போய், சீட்டுப் பஞ்சில் எலி குடித்தனம் நடத்திய அடையாளத்தோடு, டேங்க் முழுக்கத் துரு. கண்ணாடி ஒன்று மட்டும் ஏனோ உடையாமல் இருந்தது. அதில் அவள் முகம் தூசியாகத் தெரிந்தது.

"இந்தப் பேரீச்சம்பழக் கேஸை என்ன பண்ணப் போற?" அம்மா பின்வாசலில் வந்து நின்றாள். "எடைக்குப் போட்டுடலாம்னு அண்ணன்தான் எப்பவோ சொன்னானே."

"ஓட வைக்கப் போறேன்."

"ஓட்டறதுக்கு?"

"ஆமா."

"யாரு?"

அவள் குனிந்து சீட்டுப் பஞ்சைப் பிடுங்கிப் போட்டாள். அம்மா "சாப்பிட்டுட்டாவது ஓட்டு," என்று உள்ளே போனாள்.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. கிக்கரின் மேல் ஏறி நின்றாலும் இறங்கவில்லை. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே எண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருந்தாள். கம்பெனியில் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த மெஷின்களையும் அப்படித்தான் இளக்குவாள். பலம் போட்டால் உடையும். ஊற விட வேண்டும். வேலை விட்டு வந்ததும் தினமும் கிக்கரைக் கையால் மெல்ல அசைத்துப் பார்ப்பாள். ஒரு சாயங்காலம் உள்ளே ஏதோ பெருமூச்சு விட்டது போல் இறங்கிக் கொடுத்தது. அவள் கையில் கிரீஸோடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உனக்கும் அண்ணனைப் பார்க்கணுமா, என்று கேட்டாள் அதனிடம்.

டேங்கில் பழைய நட்டுகளையும் டீசலையும் போட்டு மூடிக் குலுக்கினாள். துரு சிவப்புச் சேறாக வந்தது. குலுக்கக் குலுக்கத் தோள் விட்டுப்போனது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "பக்கத்து வீட்டுல என்னன்னு கேக்கறாங்க," என்றாள். "பழி வாங்கறேன்னு சொல்லு," என்றாள் அவள். அம்மா அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் காய்ந்து தேன்பாகு போல் ஒட்டியிருந்தது. ஜெட் எனப்படும் அந்தப் பித்தளைத் துளியின் ஓட்டை அடைத்துப் போயிருந்தது. கம்பியை விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகி வண்டி பெட்ரோலைக் குடித்துத் தள்ளும். ஊற வைத்து, ஊதி, மறுபடி ஊற வைத்து, கடைசியில் வெளிச்சத்தில் பிடித்தபோது ஊசிமுனை அளவு வானம் தெரிந்தது.

பார்ட்ஸ்தான் பாடாய்ப் படுத்தியது. ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர் வண்டியின் பெயரைக் கேட்டதும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இதுக்கா? இந்த வண்டிக்குன்னு என்கிட்ட வந்த கடைசி ஆளு செத்தே போயிட்டாரும்மா."

"அவர் வண்டி எங்க இருக்கு?"

கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "துக்கம் விசாரிப்பேன்னு பாத்தா, நேரா சொத்துக்கே வந்துட்டியே."

"கேட்டுச் சொல்லுங்கண்ணே. பாயிண்ட் செட்டு, கிளட்ச் தட்டு, பின்பிரேக் ஷூ. இது மூணும் போதும்."

"யாரு வேலை பாக்கறது? மெக்கானிக்கை வரச் சொல்லு, அளவு கேக்கணும்."

"அளவு கேளுங்க, சொல்றேன்."

அவர் கேட்டார், அவள் சொன்னாள். அடுத்த வாரம் செத்தவரின் பாகங்கள் செய்தித்தாளில் சுற்றி வந்தன.

சின்னச் சின்ன நட்டு, வாஷர், திருகுக்கெல்லாம் கடைக்கு ஓட வேண்டியிருக்கவில்லை. கொட்டகை அலமாரியில் மிச்ச டப்பா இருந்தது. அது அந்த வீட்டின் பழைய கேலி. அண்ணன் எதைப் பிரித்துப் பூட்டினாலும் ஒன்று மிஞ்சும். கடிகாரத்தில் ஒரு சக்கரம், மின்விசிறியில் ஒரு கிளிப், அழைப்பு மணியில் இரண்டு திருகு. "கம்பெனிக்காரன் தேவைக்கு மேல போட்டுட்டான், நம்ம பையன் அதைக் கண்டுபிடிச்சுட்டான்," என்பார் அப்பா. மிஞ்சியது ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போகும். அண்ணன் ஏதாவது பூட்டி முடித்த நாளில் அப்பா டப்பாவை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். வீடே சிரிக்கும். மெக்கானிக்கிடம் விட மாட்டான்; நானே பார்த்துக்கொள்கிறேன் என்பான். அவனுக்கு அதில் ஒரு பெருமை. அவர்களுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினாள். இடது காலால் தாங்கி உதைக்க அவளால் முடியாது. உதைத்தாள். செருமியது. சோக்கை இழுத்து மறுபடி உதைத்தாள். புகை வந்தது, கூடவே எலிக்கூட்டின் எரிந்த வாசனையும். பிறகு அது பிடித்துக்கொண்டது. எஞ்சின் அணையாமல் காக்கும் ஐடில் திருகை மயிரிழை திருகி, காது கொடுத்து, இன்னும் ஒரு மயிரிழை. தட், தட், தட் என்று நிதானமான ஒரு தாளம், எட்டிப் போடும் நடைபோல. அப்பா வேலையிலிருந்து வரும்போது தெருமுனையிலேயே கேட்கும் அதே சத்தம்.

அம்மா அடுப்பை விட்டு ஓடி வந்தாள். வாசற்படியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் கண்கள் வண்டியைத் தாண்டித் தெருப் பக்கம் போயின, யாரோ வருவது போல. அந்த முகத்தைப் பார்க்காமல் அவள் மறுபடி எஞ்சின் பக்கம் குனிந்துகொண்டாள். இப்போது இளகிவிட்டால் வேலை கெட்டுவிடும்.

மீதி இருந்தது பின்சக்கரம். பிரேக் ஷூவை மாற்ற சக்கரத்தைக் கழற்றக் குனிந்தபோதுதான் அந்தக் கம்பியைக் கவனித்தாள். முதல் நாளே பார்த்ததுதான். சேறும் கிரீஸும் அப்பியிருந்ததால் ஏதோ விளக்கு ஒயர் என்று விட்டிருந்தாள். துணியால் துடைத்தால் சிவப்பு ஒயர். வீட்டு அழைப்பு மணிக்கு அண்ணன் இழுத்து மிஞ்சிய அதே ஒயர். ஒரு இரும்புப் பட்டையைச் சேர்த்து இழுத்து, வண்டியின் சட்டத்தோடு கட்டியிருந்தது.

அந்தப் பட்டை கட்டித் தொங்க வேண்டிய பொருள் அல்ல. பின்பிரேக்கின் தகட்டைச் சுழலாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். ஒரு முனை தகட்டில் போல்ட்டு போட்டு, நட்டு முடுக்கி, நட்டு கழலாமலிருக்க அதன் குறுக்கே காட்டர் பின் குத்தியிருக்க வேண்டும். காட்டர் பின் என்பது கொண்டை ஊசி போல இரண்டு கால் உள்ள சின்னக் கம்பி. குத்திவிட்டுக் கால்களை விரித்து மடக்கிவிடுவார்கள். அது இல்லாவிட்டால் நட்டு ஆட்டத்தில் மெல்ல மெல்லக் கழலும். நட்டு போனால் பட்டை விடும். பட்டை விட்டால், அடுத்த தடவை பிரேக்கை மிதிக்கும்போது தகடு சுழன்று சக்கரத்தை அப்படியே இறுக்கிப் பிடிக்கும்.

திருப்பத்தில் மிதித்திருப்பான்.

போல்ட்டின் மரைகளை விளக்கருகே வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட நசுங்கவில்லை, அறுபடவில்லை. விழுந்த அடியில் பிய்ந்துபோன நட்டு மரையைக் கிழித்துக்கொண்டுதான் போகும். இது தானாகக் கழன்று போயிருக்கிறது. பின் குத்தும் துளை காலியாக இருந்தது.

அலமாரியிலிருந்து மிச்ச டப்பாவை எடுத்துத் தரையில் கொட்டினாள். இத்தனை நாளாகக் கிளறிய டப்பாதான். அவளே பலமுறை அந்தப் பின்னைத் தள்ளிவிட்டு வேறு எதையோ எடுத்திருக்கிறாள். கால்கள் நிமிர்த்தி உருவப்பட்ட பழைய காட்டர் பின். துளையில் வைத்தாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது.

அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மறந்துவிட்டான். மறப்பது யாருக்கும் நடக்கும். அவன் மறப்பவன் என்று வீட்டுக்கே தெரியும். அத்தோடு நின்றிருந்தால் அவள் ஒருவேளை அழுதுவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அந்தச் சிவப்பு ஒயர். விழுந்த வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டகைக்குள் தள்ளியவன், சக்கரம் உருள்வதற்காகத் தகட்டைத் திருப்பிவிட்டு, தொங்கிய பட்டையை எடுத்துக் கட்டியிருக்கிறான். கட்டியவன் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத் தார்ப்பாயைப் போட்டு மூடியிருக்கிறான். மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான், பரவாயில்ல, வேணும்னா அசைஞ்சே, தெரியாமத்தானே அசைஞ்சே, என்று. மன்னிப்பு வேறு கொடுத்தான்.

நான் அசையவே இல்லை.

அந்த வாக்கியத்தை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தாள். நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. தன்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதன் அளவுதான் தெரிந்தது. கால் போனது ஒருபக்கம். தன் உடம்பு என்ன செய்தது என்று தனக்கே தெரியாத ஒருத்தியாக அவளை ஆக்கிவிட்டான். அந்த நினைவு, காற்றுகூட அடிக்கும் அந்த நினைவு, அதை யார் உள்ளே வைத்தது?

மறுநாள் காலை, அம்மா டீ குடித்துக்கொண்டிருந்த மேசையில் பின்னையும் ஒயரையும் வைத்தாள்.

"என்ன இது?"

"பைக்கோட பின்பிரேக்குல இருக்க வேண்டிய பின்னு. மிச்ச டப்பால கெடந்துச்சு. நாங்க விழுந்ததுக்கு முந்தின நாள் அண்ணன் பின்சக்கரத்தைக் கழட்டிப் பூட்டினானா?"

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"பிரேக்கு கீச்சுனு கத்துதுன்னான்," என்றாள் கடைசியில். "பூட்டி முடிச்சதும் அப்பா டப்பாவை ஆட்டிப் பாத்தாரு. 'இன்னிக்கும் ஒண்ணு மிச்சமாடா'ன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். நீயும்தான் சிரிச்சே."

அவளும் சிரித்திருக்கிறாள்.

"அப்பாவுக்குத் தெரியுமாம்மா?"

"நீ ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஒருநாள் கொட்டகைக்குப் போனாரு. திரும்பி வந்தப்ப கைல டப்பா இருந்துச்சு. அதை மடில வச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல."

அப்பா முகத்தைப் பார்க்காமல் போனது கோபத்தினால் அல்ல. பார்க்க முடியாமல் போயிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டதில் அவருக்காக இரக்கப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. இரக்கம் வரவில்லை. குற்றவாளிக் கூண்டில் இன்னும் இரண்டு பேர் ஏறி நின்றார்கள், அவ்வளவுதான்.

"அவனுக்கு அப்ப கல்யாணம் நிச்சயமாகியிருந்துச்சு," அம்மா மேசையைப் பார்த்துப் பேசினாள். "வண்டி ஓட்டத் தெரியாதவன், தங்கச்சி காலை ஒடிச்சவன்னு பேரு வந்திருந்தா… இப்ப ஊரே அவன்கிட்ட வண்டி கத்துக்குது. அதுதான் பொழப்பு. உனக்கு ஆனது ஆயிடுச்சு. அவனுக்கும் ஆகணுமா?"

அவள் பின்னையும் ஒயரையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

புதிய ஷூ போட்டு, பட்டையைப் பூட்டி, புது நட்டு முடுக்கி, புதுக் காட்டர் பின் குத்தி, கால்களை விரித்து மடக்கினாள். இரண்டு முறை சரி பார்த்தாள். சீட்டுக்குப் புது உறை தைத்தாள். லைசென்ஸுக்காக அண்ணனுக்குப் போட்டியாக இருந்த ஸ்கூலில் சேர்ந்தாள். "மாஸ்டர் தங்கச்சி எங்ககிட்டயா?" என்று அங்கே வாயைப் பிளந்தார்கள். "வீட்டுல கத்துக்கிட்டா திட்டு விழும்," என்றாள். முழங்கால் முதலில் மறுத்தது. கியரைப் பாதத்தால் மட்டும் தூக்கப் பழகினாள். திருப்பங்களில் வண்டி சாயும்போது உடம்பு கல்லாகிவிடும், கற்றுக்கொடுத்தவர் பின்னாலிருந்து கத்துவார், "வண்டியோட சேந்து சாயுங்க, வெறகுக் கட்டை மாதிரி நிக்காதீங்க!" சாயக் கற்க அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடித்தது.

பட்டன் பிரிவுப் பெண் விசாரித்துச் சொன்னாள், இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பின்சீட்டுப் பாடம் என்று.

மைதானத்தில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கொட்டகையில் பெஞ்சு நிறைய ஆட்கள். கல்லூரிப் பெண்கள், ஒரு தபால்காரர், கைக்குழந்தையோடு ஒரு அம்மா. அண்ணன் கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான், கையில் சாக்பீஸோடு. அவள் நினைத்தபடியே. அவள் கியரைக் குறைத்து, அந்தத் தாளத்தை நிதானமாக விட்டுக்கொண்டு, அவன் முதுகை நோக்கி ஓட்டினாள்.

அவன் தோள் நிமிர்ந்தது. திரும்பினான்.

முகம் வெளுக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அதைப் பார்க்கத்தான் இத்தனையும். அவன் முகம் மலர்ந்தது. சாக்பீஸைப் போட்டுவிட்டு வெயிலில் ஓடி வந்தான். டேங்கின் மேல் இரண்டு கையையும் வைத்தான், குழந்தையின் கன்னத்தில் வைப்பது போல.

"ஏய்! அப்பா வண்டி! நீயா பண்ணினே? நீயேவா? சத்தத்தைக் கேட்டதும் எனக்கு… ஒரு நிமிஷம் அப்பாதான் வந்துட்டார்னு…" அவன் கண்கள் நிஜமாகவே நனைந்திருந்தன.

இதற்கு அவள் தயாராக இருக்கவில்லை. கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். அழுகிறானே, என்று ஒரு கணம் உள்ளே ஏதோ தளர்ந்தது. அதற்குள் அவன் பெஞ்சுகளின் பக்கம் திரும்பிவிட்டான்.

"எல்லாரும் பாத்துக்குங்க! இதான் நான் சொல்லிட்டிருந்த வண்டி. இதான் அந்தத் தங்கச்சி. பின்சீட்டுல ஆடினவ இப்ப முன்சீட்டுக்கே வந்துட்டா! ரோட்டுல இருக்கறவங்க ஜாக்கிரதை!"

சிரிப்பு எழுந்தது. தபால்காரர் கைதட்டினார். அவள் எஞ்சினை அணைத்தாள். தளர்ந்தது மறுபடி இறுகிக்கொண்டது. அதற்காக அவள் அவனுக்கு நன்றிகூடச் சொல்லியிருப்பாள்.

"சாவியைக் கொடு. ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்."

"பின்பிரேக்கைப் பாத்துட்டுப் போண்ணா. நான் பூட்டினது சரியா இருக்கான்னு."

அவன் சிரித்துக்கொண்டே சக்கரத்தின் அருகே குந்தினான். பட்டையைப் பார்த்தான். புது நட்டைப் பார்த்தான். விரல் காட்டர் பின்னைத் தொட்டு அங்கேயே நின்றது.

"பின்னு புதுசு," என்றாள் அவள், பெஞ்சுக்குக் கேட்காத குரலில். "பழசு பத்திரமா இருக்கு. மிச்ச டப்பாலதான் இருந்துச்சு." பையிலிருந்து எடுத்து அவன் கையில் வைத்தாள். அதன் மேல் சிவப்பு ஒயரையும் வைத்தாள்.

அவன் விரல்கள் சட்டென்று மூடிக்கொண்டன, சின்ன வயதில் கையில் என்னடா என்று அப்பா கேட்டால் மூடுவது போலவே. இப்போது வெளுத்தது. முதலில் உதடு, பிறகு காது மடல். அவள் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அவசரப்படவில்லை.

"நான்… நான் பயந்துட்டேன்," என்றான், எழுந்திருக்காமலே. "வேணும்னு பண்ணல. நீ கண்ணு முழிப்பியான்னே தெரியல. யாரோ கேட்டாங்க எப்படின்னு. வாயில வந்துடுச்சு. அப்புறம் மாத்த முடியல."

"இடுப்பை ஆட்டிக் காட்டறது?"

அவன் பார்வை கரும்பலகைப் பக்கம் போனது.

"மாஸ்டர்!" கல்லூரிப் பெண்ணொருத்தி கூப்பிட்டாள். "அப்புறம் என்னாச்சு? திருப்பத்துல வண்டி இந்தப் பக்கம் சாயுது, அதோட நிறுத்திட்டீங்க!"

அவள் சாவியை எடுத்துக்கொண்டாள். காலை இழுத்து இழுத்து, யாரும் அதைப் பார்க்காமலிருக்க வழியில்லாதபடி, கொட்டகைக்குள் நடந்து போனாள். முன்வரிசையில் கைக்குழந்தைக்காரி ஒதுங்கி இடம் கொடுத்தாள். உட்கார்ந்தாள். குழந்தை அவள் விரலில் ஒட்டியிருந்த கிரீஸைத் தொட்டுப் பார்த்தது.

அண்ணன் பின்னாலேயே வந்தான். ஒரு கை இன்னும் மூடியே இருந்தது. அவள் காதருகே குனிந்தான். அவன் மூச்சு சூடாக இருந்தது.

"சாயங்காலம் வீட்டுக்கு வரேன். அம்மா முன்னாடி சொல்றேன், கால்ல வேணும்னாலும் விழறேன். இந்தக் கதையை இனிமே எடுக்கவே மாட்டேன், சத்தியம். இவங்க முன்னாடி மட்டும் வேண்டாம். எழுந்து போயிடும்மா. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

கெஞ்சுகிறான். இவ்வளவு நாள் இதைத்தான் கேட்க ஆசைப்பட்டாள் என்று நினைத்திருந்தாள். கேட்டாகிவிட்டது. போதவில்லை. கரும்பலகையில் ஒரு திருப்பம் வரைந்திருந்தது. அதில் இரண்டு பொம்மைகள். முன்னால் இருந்தது நேராக இருந்தது. பின்னால் இருந்தது கோணலாக.

பெஞ்சின் விளிம்பு முழங்காலுக்குக் கீழே அழுத்தியது. அவள் இடுப்பைத் தூக்கி, நகர்ந்து, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பெஞ்சு முழுவதும் ஆடியது.

"இல்லண்ணா," என்றாள் மெதுவாக. "பாதில நிக்குது பாரு. சொல்லி முடி. நான் கேட்டுட்டுதான் போவேன்."